ஓராவுக்குச் சிவப்பு

கடலுக்கடியிலும் ஒட்டடை படியும் என்பது நம்புத்தாய்க்கு நாற்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அன்று காலை நண்டுத்தீவுக்குத் தெற்கே, இரண்டாள் ஆழத்தில் மூச்சடக்கி இறங்கியவள், தன் கையால் நட்ட கட்டக்கோரையைப் பார்த்தாள். பாறையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு நிமிர்ந்து நிற்கும் பழுப்புப் பாசி அது. நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் இலைக்கு இலை நூல் நூலாகச் சாம்பல் நிறத்தில் என்னவோ படர்ந்திருந்தது, ஆறு மாதம் துடைக்காத மின்விசிறி இறக்கை மாதிரி. துணி சுற்றிய விரலால் மெல்லத் தட்டினாள். ஒட்டடை போகவில்லை. செடிதான் பாறையிலிருந்து கழன்று கையோடு வந்தது.

மேலே வந்து, வத்தை என்கிற சிறு படகின் விளிம்பைப் பிடித்தபடி மூச்சு வாங்கினாள். வத்தையில் இருந்த தில்ஷாத் செடியை வாங்கி வெயிலில் விரித்தாள். கீழக்கரைப் பெண், கடல் தாவரங்களைப் பற்றிப் படித்துவிட்டு ஐந்து வருடமாக இங்கே பாசிக்குப் போகும் பெண்களோடு அலைகிறவள். முதல் வருடம் எல்லோரும் அவளை மேடம் என்றார்கள். இப்போது ‘ஏ பிள்ள’ என்கிறார்கள். அவளும் அதைப் பதவி உயர்வாகவே எடுத்துக்கொண்டாள்.

“எத்தனை இடத்துல இருக்குக்கா?”

“எங்க இல்லைன்னு கேளு” என்றாள் நம்புத்தாய்.

தில்ஷாத் செடியை முகர்ந்து பார்த்தாள். முகர்ந்து என்ன தெரியப்போகிறது? இன்னும் பதினெட்டு நாளில் அரசுத் துறையிலிருந்து அளவெடுக்க வரப்போகிறார்கள். அது இருவருக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். பதினொரு வருடத்துக்கு முன் அடுத்தடுத்து மூன்று கோடைகள் அந்தக் கடலைச் சூடாக்கின. பாசியெல்லாம் வெந்து கரைந்தது. நம்புத்தாயின் ஊரான கோரைவலசையில் பெண்களுக்குப் பாசி எடுப்பதுதான் பிழைப்பு. காலில் தகடு கட்டி, கண்ணில் கண்ணாடி மாட்டி, தீவுக்குத் தீவு முங்கி எடுப்பார்கள். எடுக்க ஒன்றுமில்லாமல் போனது. திரும்ப முளைத்த தளிரை முள்ளெலிகள் மொட்டையடித்தன. உடம்பெல்லாம் முள்ளோடு கறுப்பு உருண்டையாக ஊர்ந்து, பாறையை வழித்துத் தின்னும் பிராணி. பாறை வெளுத்துப்போனது.

பிறகு இந்தத் திட்டம் வந்தது. இருபத்துமூன்று பெண்கள் ஐந்து வருடம் ஒரு கொத்துப் பாசிகூட எடுக்காமல், கன்று கன்றாக நட்டு வளர்க்க வேண்டும். முடிவில் பாதிப் பாறைக்கு மேல் காடு நின்றால், தெற்குப் பகுதி அவர்களுக்குத் திறந்துவிடப்படும். நிற்கவில்லையென்றால் தீவைச் சுற்றி நிரந்தரமாகத் தடை. யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. நம்புத்தாய்தான் எல்லோருக்கும் முன்னால் போய்க் கைநாட்டு வைத்தாள். கையெழுத்துப் போடத் தெரியும். ஆனால் இயந்திரம் கைரேகைதான் கேட்டது.

மேய்கிற பிராணிகளிடமிருந்து காட்டைக் காக்க இரண்டு வருடத்துக்கு முன் கடலுக்குள் முப்பது கம்பம் நட்டார்கள். பெண்கள் அதற்கு வைத்த பெயர் காதுக்கம்பம். தண்ணீருக்குள் யார் எதைக் கடித்தாலும் அதற்குக் கேட்டுவிடும். முள்ளெலி பாறையைச் சுரண்டுவது ஒரு சத்தம், கிளிமீன் கொறிப்பது ஒரு சத்தம். கேட்டது எதிரியின் சத்தம் என்றால், கம்பம் அந்தத் திசையில் ஓர் அதிர்வை அனுப்பும். சுறா வாலடித்துத் திரும்பினால் தண்ணீர் எப்படி அதிருமோ, அப்படி. மேய வந்தது ஓடிவிடும்.

ஆனால் யார் எதிரி, யார் இல்லை என்பதை இயந்திரத்துக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமல்லவா? அதற்கு இந்தப் பெண்களையே புயல் காப்பகக் கட்டடத்தில் உட்கார வைத்தார்கள். காதில் ஒலிப்பான், முன்னால் திரை, கையருகே இரண்டு பொத்தான். பத்து நொடிக்கு ஒரு மீனோ முள்ளெலியோ திரையில் வந்து கடித்துக் காட்டும். எதிரி என்றால் சிவப்பு. போகட்டும் என்றால் பச்சை. ஒவ்வொன்றையும் மூன்று பேர் பார்ப்பார்கள். இரண்டு பேர் சொன்னதே முடிவு. முள்ளெலிக்குச் சிவப்பு, அதில் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் ஓரா மீன் வந்தபோதுதான் யாரோ கேட்டார்கள்.

“நம்பு, இந்த ஓராவுக்கு என்னத்தா அமுக்குறது?”

நம்புத்தாய் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அறை முழுக்கக் கேட்கும்படி, “சிவப்பு” என்றாள்.

இப்போது வத்தையில் தில்ஷாத் கையடக்கத் திரையைத் தடவிக்கொண்டே தனக்குத்தானே பேசுகிற மாதிரிச் சொன்னாள். “தண்ணி சூடு சரியா இருக்கு. உப்பு சரியா இருக்கு. கழிவுத்தண்ணி எதுவும் வரல. இந்த அழுக்குப்பாசி எப்பவும் கொஞ்சம் இருக்கிறதுதான். முன்னாடி எதுவோ இதத் தின்னுக்கிட்டு இருந்திருக்கு. இப்ப அது தின்னல.”

நம்புத்தாய் முகக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

வீட்டுக்குப் போனால் ஓரா குழம்பு. அவள் கணவன் கருமலையான் மீன் கூடு வைப்பவன். மூங்கிலால் பின்னிய கூட்டைக் கடலடியில் இறக்கிவிட்டால், உள்ளே போன மீனுக்கு வெளியே வர வழி தெரியாது. இரண்டு வருடமாக அவன் கூடுகள் காலியாக வந்ததே இல்லை. புதுக் கூரை போட்டாயிற்று. அவன் தங்கை பூரணம், புருஷன் செத்தபின் இந்த வீட்டோடு வந்துவிட்டவள், தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். பூரணமும் பாசிக்குப் போகிறவள்தான், அந்த இருபத்துமூன்று பேரில் ஒருத்தி. அவள் இடது கை ஆள்காட்டி விரலில் மேல்கணு இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஓராவின் முதுகுமுள் குத்தி, புரையோடி, ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

“சாப்பிடாம எதுக்குத் தட்டப் பாத்துக்கிட்டு இருக்க?” என்றான் கருமலையான்.

“கூட்ட எங்க வைக்கிறீங்க?”

“வழக்கமான எடம்தான்.”

“எல்லைக் கம்பத்துக்கு எம்புட்டுத் தூரம்?”

அவன் மீனின் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தான். “பத்து முழம் இருக்கும். எல்லைக்கு வெளியதான. ஒங்க கம்பம் வெரட்டுது, எங்க கூட்டுக்கு வருது. அதுல என்ன இப்போ?”

“அழுக்கத் தின்னது இந்த ஓராதாங்க. அங்க காடே மூச்சு முட்டிக் கெடக்கு.”

கொஞ்ச நேரம் அவன் மென்றுகொண்டே இருந்தான். அவளுக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. பொத்தான் அமுக்கப் போன மூன்றாம் நாள், கஞ்சியைக் குடித்துக்கொண்டே இவன் சொன்னது. அந்தச் சிவப்ப ஓராவுக்கு ஒரு அமுக்கு அமுக்கிவிடு, எல்லாம் எங்க பக்கம் வரட்டும். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளும் சிரித்தாள்.

“நீங்கதான சொன்னீங்க” என்றாள்.

“நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். அமுக்குனது ஒன் விரலு.”

பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. ஏனென்றால் அவன் சொன்னது சரி. அவளுக்குத் தெரியாமல் நடந்ததல்ல. சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். ஓராக்கூட்டம் மேய்ந்துவிட்டுப் போன இடத்தில் கோரை, தலைக்குக் குளித்து உலர்த்திய கூந்தல் மாதிரிச் சுத்தமாக ஆடும். ஓரா திரையில் வந்ததும் அது அவள் மனதில் வந்தது. கூடவே கருமலையான் சிரிப்பும் வந்தது. பூரணத்தின் விரலும் வந்தது. எது அமுக்கியது என்று இன்றைக்குக் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. தட்டை அப்படியே நகர்த்திவிட்டு எழுந்தாள்.

மறுநாளிலிருந்து இருபத்துமூன்று பேரும் முங்கி முங்கிக் கையால் துடைத்தார்கள். ஒவ்வொரு செடியாகப் பிடித்து, தேங்காய் நாரால் இலை இலையாக உருவிவிட வேண்டும். ஒரு மூச்சுக்கு ஒரு செடி, சில சமயம் அரைச்செடி. நான்கு நாளில் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிக் கிழிந்தது. முதல்நாள் துடைத்த இடத்தில் ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் மறுபடி ஒட்டடை. ஒரு மீன் நாளெல்லாம் வாய் ஓயாமல் செய்கிற வேலையை மனுஷி மூச்சடக்கிச் செய்து மாளாது.

ஐந்தாம் நாள் மத்தியானம், தீவு மணலில் எல்லோரும் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது நம்புத்தாய் எழுந்து நின்றாள்.

“எல்லாரும் கேளுங்க. இத ஓராதான் தின்னுக்கிட்டு இருந்துச்சு. எனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் சிவப்புன்னு சொன்னேன்.”

தில்ஷாத் கையிலிருந்த தூக்குவாளியை மணலில் வைத்தாள்.

“எதுக்குக்கா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். “எங்க புத்தகத்துல மேயுறது எல்லாமே எதிரின்னுதான் போட்டிருந்துச்சு. அத நம்ப முடியாம, கடல் தெரிஞ்ச ஒங்ககிட்ட கேட்டோம். நான்தான் சண்டை போட்டு ஒங்கள உக்கார வெச்சேன்.”

நம்புத்தாய் வாயைத் திறந்தாள். கருமலையான் பெயர் தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றது.

“பூரணத்தோட விரல நெனச்சேன்” என்றாள். “அவ பட்ட பாட்ட நெனச்சு, இந்தச் சனியனே இந்தப் பக்கம் வரக் கூடாதுன்னு அமுக்கிட்டேன்.”

எல்லோரும் பூரணத்தைப் பார்த்தார்கள். பூரணம் அந்தக் கையைச் சேலை மடிப்புக்குள் இழுத்துக்கொண்டு, கடல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். இன்னொருத்தி, “யாரா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பா” என்றாள். பழி பாதி இறங்கிவிட்டது. நம்புத்தாய்க்கோ அதன்பிறகுதான் உடம்பெல்லாம் அரித்தது.

ஓராவைப் பச்சைக்கு மாற்றத் தில்ஷாத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “இம்புட்டுத்தானா?” என்று கேட்டார்கள். இம்புட்டுத்தான். கம்பங்கள் ஓராவை மன்னித்துவிட்டன. ஆனால் இரண்டு நாளாகியும் ஒரு ஓராகூட எட்டிப் பார்க்கவில்லை.

“பயந்து பழகிருச்சு” என்றாள் தில்ஷாத். “ரெண்டு வருஷமா இந்தப் பக்கம் வந்தா சுறா வாலடிக்கும்னுதான் அதுக்குத் தெரியும். குஞ்சுகளும் பெருசுங்க பின்னாடியே போயிருக்கும். திரும்ப வரணும்னா, இங்க மத்த மீனெல்லாம் நிம்மதியா மேயுதுன்னு அதுக்குக் கேக்கணும்.”

“மீனே இல்லாம எப்படிக் கேக்கும்?”

தில்ஷாத் தயங்கினாள். “நீங்க சிவப்பு அமுக்கின சத்தமெல்லாம் பெட்டியில இருக்குக்கா. ஓரா கடிக்கிற சத்தம் மட்டும் மூவாயிரம் துண்டு. அதையே கம்பத்துல போட்டுவிடலாம்.”

எதிரி என்று சேர்த்து வைத்த சத்தத்தையே வெற்றிலை பாக்காக வைத்து அழைக்க வேண்டியிருந்தது. ஆனால் அழைப்பைக் கேட்டு வருகிற மீனுக்கு வழியில் கூடு இருக்கிறதே.

அன்று ராத்திரி அவள் அதைச் சொன்னபோது கருமலையான் இந்த முறை மெல்லவில்லை, முழுங்கவில்லை. “என் கூட்ட வேணா நான் தூக்கிருதேன். மத்தவங்க கூட்டத் தூக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. நீ போய்க் கேளு” என்றான்.

போனாள். பதினான்கு வீடு. ஒவ்வொரு வாசலிலும் நின்று, நான் செஞ்ச தப்புக்கு நீங்க கூட்டத் தூக்கணும் என்று கேட்பது எப்படி இருக்கும் என்று கேட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒருத்தன் அவளை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனவன் திரும்பி வரவே இல்லை. ஒருத்தன், பெண்பிள்ளைகளின் பாசிக்காக ஆம்பளைகள் பட்டினி கிடக்கணுமா என்று தெரு கேட்கக் கத்தினான். அவன் பெண்டாட்டியும் அந்த இருபத்துமூன்று பேரில் ஒருத்தி. அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று மறுநாள் தெரிந்தது. கடைசியில் ஒன்பது பேர் தூக்கினார்கள். ஐந்து பேர் தூக்கவில்லை.

கருமலையான் தன் கூட்டை எல்லைக்கு உள்ளே இழுத்து வந்து கதவை அவிழ்த்துவிட்டான். நம்புத்தாய் கீழே முங்கிப் பார்த்தாள். பதினேழு ஓரா. கதவு திறந்த பிறகும் மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. கம்பத்திலிருந்து சத்தம் கிளம்பியது, ஆயிரம் வாய் சேர்ந்து நறுக் நறுக்கென்று கொறிப்பது போல. ஒரு ஓரா முகத்தைத் திருப்பியது. பிறகு எல்லாம் திரும்பின. அவை காட்டுக்குள் போவதை மூச்சு முட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மேலே வந்தாள். கருமலையான் வெறுங்கூட்டை வத்தையில் ஏற்றிக்கொண்டு கரைக்குத் திரும்பினான். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவன் வீட்டில் பேசவில்லை.

பதினெட்டாம் நாள் துறையிலிருந்து அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர்; அதிகம் பேசாதவர். அவரும் முங்கினார். வழி காட்ட நம்புத்தாய் கூட இறங்கினாள். வடக்கு ஓரத்தில் ஒரு பாறையில் கோரை சுத்தமாக ஆடிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் கண்ணாடிக்குள் கண்ணீர் மறைத்தது. அவருக்குக் காட்டலாம் என்று செடியை விலக்கியபோது உள்ளே மேய்ந்துகொண்டிருந்த ஓராவை அவள் பார்க்கவில்லை. உள்ளங்கையில் முள் ஏறியது. நெருப்புத் துண்டை அழுத்தின மாதிரி எரிச்சல், முழங்கைவரை.

கரையில் அவளைத் துணிக்கூரை நிழலில் உட்கார வைத்தார்கள். பூரணம் ஒன்றும் கேட்காமல் டீக்குக் கொதிக்க வைத்திருந்த வெந்நீரை ஒரு சட்டியில் ஊற்றி, பொறுக்கும் சூட்டுக்கு விளாவி, மதினியின் கையைப் பிடித்து அமுக்கினாள். ஓரா விஷத்துக்குச் சூடுதான் மருந்து.

பத்தடி தள்ளி அதிகாரி குறிப்பைப் படித்தார். நூறு பாறைக்கு முப்பத்தெட்டில்தான் காடு நிற்கிறது. ஐம்பது வேண்டும். நம்புத்தாய்க்குக் கை எரிச்சல் ஒரு கணம் மறந்தே போனது.

“கெட்டதுக்குக் காரணம் தெரிஞ்சு, அதைச் சரி பண்ணியிருந்தா ஒரு வருஷம் தவணை குடுக்கலாம். விதியில இடம் இருக்கு” என்றார் அவர். “காரணத்துக்கு ஆதாரம் இருக்கா?”

தில்ஷாத் திரையை நீட்டினாள். ஓரா கடித்துக் காட்டிய மூவாயிரம் துண்டு, ஒவ்வொன்றுக்கும் யார் யார் என்ன அமுக்கினார்கள் என்ற பட்டியல். மேலிருந்து கீழே ஒரே சிவப்பு. அதிகாரி விரலால் தள்ளிக்கொண்டே போனவர் நிறுத்தினார். திரும்ப மேலே போனார்.

“இந்த ஒருத்தர் மட்டும் எல்லாத்துக்கும் பச்சை போட்டிருக்காங்களே. நானூத்துப் பன்னெண்டு தடவை. ஒண்ணுகூட மாத்தல. மத்த ரெண்டு பேரும் சிவப்புங்கறதால இவங்க சொன்னது எடுபடாமப் போயிருக்கு. யாரு இந்தப் பூரணம்?”

சட்டியின்மேல் குனிந்திருந்த தலை நிமிரவில்லை. தில்ஷாத் பூரணத்தைப் பார்த்தாள். அந்த விரலைப் பார்த்தாள். பிறகு நம்புத்தாயைப் பார்த்தாள். அதிகாரி தவணைக்கு எழுத ஆரம்பித்தார். ஒரு வருடம். அடுத்த முறை இயந்திரத்துக்குச் சொல்லித்தருகிற குழுவில் அந்த அம்மாள் பெயர் முதலில் இருக்க வேண்டும் என்றும் சேர்த்து எழுதினார். பெண்கள் பெருமூச்சு விட்டு ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டார்கள்.

“பூரணம்” என்றாள் நம்புத்தாய் தாழ்ந்த குரலில். “ஒன் விரல எடுத்த மீனுக்கு எப்படிப் பச்சை அமுக்கின?”

“அதுவா வந்து எடுக்கல மதினி. நான்தான் அதப் பிடிச்சேன். விரல் ஆறுற வரைக்கும் மூணு மாசம் வத்தையிலயே உக்காந்து கண்ணாடிப் பெட்டி வழியா கீழ பாத்துக்கிட்டு இருந்தேன்ல. அது கோரைய விட கோரை மேல படிஞ்ச தூசியத்தான் அதிகமாத் தின்னுச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல.”

“ஒங்ககிட்டத்தான கேட்டாங்க. என்கிட்ட யாரும் கேக்கல.”

சட்டித் தண்ணீர் ஆறத் தொடங்கியிருந்தது. பூரணம் டீக் கெட்டிலைச் சாய்த்து இன்னும் கொஞ்சம் வெந்நீர் விட்டாள். நம்புத்தாய்க்கு இதற்குமேல் அடக்க முடியவில்லை.

“நான் அமுக்கினது ஒன் விரலுக்காக இல்லத்தா.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அன்னிக்கு அண்ணன் கஞ்சி குடிச்சுக்கிட்டே சொன்னப்ப நானும் அடுப்படியிலதான இருந்தேன்.”

நம்புத்தாய் அவள் முகத்தைப் பார்த்தாள். எத்தனை வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இப்படி நேராகப் பார்த்ததாக ஞாபகமே இல்லை.

“தெரிஞ்சுமா அன்னிக்கு மணல்ல எல்லார் முன்னாடியும் நான் சொன்னதக் கேட்டுக்கிட்டு இருந்த? பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா…”

பூரணம் சட்டிக்குள் அவள் கையைத் திருப்பி, முள் ஏறிய இடம் தண்ணீரில் படும்படி வைத்தாள்.

“எனக்காக ஒரு காரியம் செஞ்சதா யாரும் சொல்லி நான் கேட்டதில்ல மதினி” என்றாள். “பொய்யாவே இருந்தாலும் கேக்க நல்லா இருந்துச்சு. அதான் விட்டுட்டேன்.”

தண்ணீர் சுட்டது. நம்புத்தாய் கையை எடுக்கவில்லை.